ஐந்தாம் குழு

ஒன்பது மணிக்கு மின்சாரம் என்றார்கள்.
ஒன்பதே காலுக்கு வந்தது.
திரையில் நான்கு சதுரம், ஐந்தாவது நான்.
இருபது வருடத்துக்கு முன், யாங்கோன் மாலை வகுப்பில்
பேராசிரியர் தலையை எண்ணிப் பிரித்தபோது
ஐந்தாம் குழுவில் விழுந்தவர்கள்.

எம்.பி.ஏ. சான்றிதழில் நான் கின் மார் யீ.
வீட்டிலும் மண்டிப் பேரேட்டிலும் அங்கயற்கண்ணி.
தண்டபாணிக்கும் துன் துன் என்று ஒன்று உண்டு.
ஆளுக்கு இரண்டு பேர் இருந்தால்
கடன்காரன் குழம்பிப்போவான் என்பான் அப்போது.

இப்போது சிங்கப்பூர் வங்கியில்
எங்கள் நாட்டுப் பெயர் எங்கே வந்தாலும்
சிவப்புக் கொடி வைக்கிற வேலை அவனுக்கு.
போன மாதம் சொந்தத் தம்பி அனுப்பிய பணத்தையே
நிறுத்தினானாம். சிரிக்கவில்லை.
முதுகுக்குப் பின்னால் மகன் கடந்து போனான்.
"வணக்கம் சொல்லுடா."
கையை மட்டும் ஆட்டினான். தாடி வந்துவிட்டது.

எஸ்தர் போவுக்கு அங்கே காலை,
இண்டியானாவில், கிடங்கில் இரவு முறை முடித்து வந்திருந்தாள்.
சந்தையியலில் தங்கப்பதக்கம் வாங்கியவள்
அக்காவின் மூன்று பிள்ளைகளுக்கு அம்மா,
பேசிக்கொண்டே யாருடைய சட்டைக்கோ
பொத்தான் தைத்துக்கொண்டிருந்தாள்.

சீ துவின் சதுரம் கறுப்பு. பெயர் மட்டும்.
மாமனார் யார் என்று எங்களுக்குத் தெரியும்,
சிமெண்ட் எங்கே போகிறது என்றும்.
"பிள்ளைகள் நலமா?" என்று கேட்டோம்.
"நலம்" என்றது கறுப்பு.

நான் பயின் நவுங் சந்தையில் உளுந்துத் தரகு.
என் மூட்டைகள் சென்னையில் இட்லியாகின்றன,
நான் சென்னையைப் பார்த்ததில்லை.
வலது பக்கம் விழுந்துபோன கணவர்
கட்டிலில் கிடந்தபடி
இடது கையால் பயறு உருட்டி
"ஈரம், விலையைக் குறை" என்கிறார்.
அநேகமாகச் சரியாகத்தான் இருக்கிறது.

ஜோ மின்தான் எங்களில் முதல் மாணவன்.
அந்தப் பிப்ரவரியில் வங்கி அடையாள அட்டையைக் கழற்றி
மேசையில் வைத்துவிட்டு நடந்தவன்,
இன்செயின் ரயிலடியில் மொஹிங்கா விற்கிறான்.
கிண்ணத்துக்கு எவ்வளவு நிற்கும் என்று
காசு சுத்தமாகச் சொன்னான்.
பள்ளியை விட்டு வந்த மனைவி
சாயங்காலம் அதே மேசையைத் துடைத்துவிட்டு
தெருப் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லித் தருகிறாளாம்.

அப்போது கறுப்புச் சதுரம் பேசியது:
"கடைக்கு நான் முதல் போடட்டுமா?"

எஸ்தரின் ஊசி நின்றது.
ஜோ மின் கிண்ணம் கழுவிய கையை
லுங்கியில் துடைத்தான்.
"வட்டி என்ன?"

மின்சாரம் போய்விட்டது.

இருட்டில் அந்தப் பழைய திட்டம் நினைவுக்கு வந்தது,
ஹ்லைங் ஆற்றங்கரையில் பருப்புக் கிடங்கு, சுருள் கட்டு, நீல அட்டை.
தள்ளுபடி வீதம் பன்னிரண்டு போதும் என்றோம் நால்வரும்.
ஜோ மின் மட்டும் "முப்பது வை" என்று அடம்பிடித்தான்.
எதிர்காலத்துக்கு இவ்வளவு தள்ளுபடியா என்று
பேராசிரியர் ஏழு மதிப்பெண் குறைத்தார்.
நான் அவனோடு ஒரு வாரம் பேசவில்லை.

செவ்வாய்க்கிழமை மண்டிக்கு வந்தான்.
மூன்று வீசை கடலைப்பருப்பு, பஜ்ஜிக்கு.
நிறுத்து முடித்ததும் ஒரு கைப்பிடி சேர்த்துப் போட்டேன்.
தராசைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.
அந்தக் கைப்பிடியை அள்ளி மூட்டையில் திருப்பிக் கொட்டினான்.

"சீ துவுக்கு என்ன சொன்னாய்?"
"ரசீது" என்றான்.

எழுதி, கின் மார் யீ என்று கையெழுத்திட்டேன்.
வெளிச்சத்தில் பிடித்துப் படித்தான்.
"கீழே தமிழிலும் போடு.
யாராவது தேடி வந்தால் கொஞ்சம் குழம்பட்டும்."